வேலியில்லாத வெளிகள்

பிள்ளைகளின் அழைப்பை ஏற்று இலண்டன் மாநகர் சென்று அங்கேயே தங்கிவிட்ட தாய்மார் நம்மிடையே பலர் உளர். அத்தகைய அன்னையார் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் எம்மைச் சிந்திக்க வைத்தது. குளிரைப் பற்றியோ, உணவைப் பற்றியோ, பேரப்பிள்ளைகள் தமிழ் பேசத் தயங்குவதைப் பற்றியோ அவர் குறை கூறினாரல்லர். கிழக்கு இலண்டனிலே, ஈஸ்ற்ஹாம் பகுதியில் மகளுடன் வாழ்கின்றார். மகள் வீட்டில் ஒரு நாய் வளர்கின்றது. மகளும் மருமகனும் வேலைக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின் வீட்டில் எஞ்சுவோர் அவரும் அந்த நாயுமே. நாள்தோறும் பகலில் ஒருமுறை நாயை வெளியே உலாத்திக் கொண்டு வருமாறு மகள் கேட்டிருக்கின்றார். எங்கே கொண்டு போவது, எவருடைய காணிக்குள் எவருடைய அனுமதியின்றிக் கால் வைப்பது என்பதே அன்னையாரின் வினா.

இதனைச் சிறு விடயமென்று சிரித்துவிட எமக்கு மனம் வரவில்லை. நம் நாட்டிலே நாயை உலாத்தக் கொண்டுபோகும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நாயின் இடம் படலையடி. பகலில் முற்றத்து மாநிழலிற் படுத்திருக்கும். வேண்டும்போது வேலிப்பொட்டினூடாக வெளியேறி, ஒழுங்கை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, சோற்று நேரத்திற்குத் தானாகவே திரும்பிவிடும். கழுத்துப்பட்டியும் வாரும் பூட்டி நாயுடன் நடந்த மனிதரை நாம் கண்டதெல்லாம் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களிலும், கொழும்பிலே காலிமுகத்திடல் போன்ற இடங்களிலுமே. நாய்க்கு உலா என்பது பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

மேனாட்டு நகரங்களில் நிலைமை வேறு. அங்கே நாய் மாடிவீட்டினுள்ளே, நாற்சுவர்களுக்கிடையே வாழ்கின்றது. அது தனித்து வெளியே செல்ல இயலாது. சென்றால் நகரசபையினர் பிடித்துச் செல்வர். மலசலம் கழிப்பதற்கும், ஓடுவதற்கும், மற்றை நாய்களை முகர்ந்து அறிந்துகொள்வதற்கும் அது மனிதரின் கையையே நம்பியிருக்கின்றது. நாள்முழுதும் அடைபட்ட நாய் தளபாடங்களைக் கடித்துக் குதறும், ஓயாது குரைக்கும், உடல் பருத்து நோயுறும். ஆகவே உலா என்பது அதற்கு ஆடம்பரமன்று, அன்றாட உணவைப் போன்றது. அதிலும் ஒரு நன்மை உண்டு. நாய் வெளியே செல்லவேண்டுமாயின் வாரைப் பிடித்திருப்பவரும் வெளியே செல்லத்தான் வேண்டும். சாளரத்தருகே அமர்ந்து மாலையில் மகள் வரும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு, வெளியே போவதற்கு இதனினும் தக்கதொரு காரணத்தை எவராலும் கொடுத்தல் அரிது.

எனினும், அன்னையாரின் தயக்கத்திற்கு வேறொரு மூலம் உண்டென்பது எமது எண்ணம். நாம் வேலிகளுக்குள்ளே பிறந்து வளர்ந்த மக்கள். கதியாலும் கிடுகும் பனையோலையும் கொண்டு எல்லை வகுத்தவர்கள். ஒரு முழ நிலத்திற்காக நீதிமன்றப் படிகளை ஆண்டுக்கணக்கில் தேய்த்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! போர்க்காலத்திலோ, தம் சொந்த வளவை எட்டி நின்று பார்ப்பதற்கும் வழியின்றிப் பல்லாண்டு காத்திருந்தோர் பல்லாயிரவர். அத்தகையோர் வேலியேயில்லாத ஒரு பெரும் புல்வெளியைக் காணும்போது, ‘இது யாருடையது? எவரேனும் வந்து வெளியே போ என்பாரோ?’ என்று அஞ்சுதல் இயல்பே. அந்த அச்சத்தைப் போக்குவதற்கு, அவ்வெளிகள் யாருடையவை என்ற வரலாற்றையே முதலிற் சொல்லுதல் தகும்.

ஈஸ்ற்ஹாமுக்கு வடக்கே, மனோர் பார்க் புகையிரத நிலையத்தினின்றும் சில நிமிட நடையில், வான்ஸ்ரெட் பிளாற்ஸ் என்னும் வெளி இருக்கின்றது. நம் நாட்டுத் தரவைகளை நினைவூட்டும் அவ்வெளியின் பரப்பு ஏறக்குறைய 330 ஏக்கர். இஃது எப்பிங் வனத்தின் தென்கோடி. முன்னாளில் அவ்வனத்தின் சுற்றுப்புறக் குடியானவர்கள் தம் கால்நடைகளை அங்கே மேயவிடும் உரிமை பெற்றிருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நிலப்பிரபுக்கள் வனத்தைத் துண்டு துண்டாக வேலியிட்டு வளைத்துக்கொள்ளத் தலைப்பட்டனர். 1871ஆம் ஆண்டு வான்ஸ்ரெட் பிளாற்ஸின் ஒரு பகுதியிலும் வேலி எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 8ஆந் திகதி, கிழக்கிலண்டனின் தொழிலாளரும் வணிகருமாகப் பல்லாயிரவர் அங்கே திரண்டு கண்டனக் கூட்டம் நடத்தினர். கூட்டம் முடிந்தபின் சனத்திரளில் ஒரு பகுதியினர் வேலிகளைப் பிடுங்கியெறிந்தனர்.

வனத்தின் மற்றொரு பகுதியிலே, லௌட்டன் என்னும் கிராமத்தில், தோமஸ் வில்லிங்கேல் என்னும் ஏழைத் தொழிலாளி குளிர்காலத்தில் விறகு வெட்டும் ஊருரிமைக்காக நிலப்பிரபுவை எதிர்த்து நின்றார். அவர் குடும்பத்து இளைஞர்கள் அதற்காகச் சிறையும் சென்றனர். ஈற்றில், ஏழைகளுக்குத் துணையாக வந்தது இலண்டன் மாநகராட்சி. மாநகராட்சியார் மயானம் அமைப்பதற்காக மனோர் பார்க் அருகே வாங்கியிருந்த நிலத்துடன், வனத்தில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்திருந்தது. அவ்வுரிமையை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1874ஆம் ஆண்டு வெற்றியும் பெற்றனர். 1878ஆம் ஆண்டின் எப்பிங் வனச்சட்டம், ஏறக்குறைய 6,000 ஏக்கர் கொண்ட அவ்வனத்தை மக்கள் உலாவி மகிழ்வதற்கான திறந்தவெளியாக என்றென்றும் வைத்திருக்க வேண்டுமென விதித்தது. இன்றும் அதனைப் பராமரிப்போர் மாநகராட்சியாரே. 1990களின் நடுப்பகுதி வரை அவ்வெளியில் மாடுகள் தம்மிச்சையாக மேய்ந்தன என்பதும் நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

ஆகவே, அங்கே கால் வைப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்நிலத்தில் நடக்கும் உரிமை பிறப்பினாலோ, குடியுரிமைப் பத்திரத்தினாலோ வருவதன்று. நேற்று வந்திறங்கியவருக்கும், தலைமுறை தலைமுறையாக வாழ்பவருக்கும் அது சமமானது.

இலண்டனின் மற்றைப் பகுதிகளில் வாழும் நம்மவருக்கும் இத்தகைய இடங்கள் தொலைவில் இல்லை. தெற்கே ரூட்டிங் பகுதியில், கோயில்களுக்கும் நம்மவர் கடைகளுக்கும் அண்மையிலேயே ரூட்டிங் பொதுவெளி உண்டு. பரப்பு ஏறக்குறைய 220 ஏக்கர். அதற்கு மேற்கே விம்பிள்டன், பட்னி பொதுவெளிகள் 1,100 ஏக்கருக்கு மேற்பட்டவை. ஸ்பென்சர் பிரபு 1864ஆம் ஆண்டு அவற்றை வளைக்கத் திட்டமிட்டபோது ஊரவர் எதிர்த்தனர்; 1871ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றப்பட்டது. வடக்கே ஹம்ஸ்ரெட் ஹீத் ஏறக்குறைய 800 ஏக்கர். மேடும் பள்ளமும் குளங்களும் நிறைந்தது. ஹரோ பகுதியில் வாழ்வோர் ஹரோ வீல்ட், ஸ்ரான்மோர் பொதுவெளிகளின் மரநிழலை நாடலாம். அரச பூங்காக்களுள் மிகப் பெரியதான றிச்மன்ட் பூங்கா ஏறக்குறைய 2,500 ஏக்கர் பரந்தது. அதனைப் பற்றிப் பின்னரும் சொல்வோம்.

நிற்க. பெயர் பெற்ற பெருவெளிகளைத் தேடி நாள்தோறும் பஸ் வண்டி ஏற முடியாது. நாள்தோறும் செல்வதற்கு ஓரிடம், வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுடன் செல்வதற்கு ஓரிடம் என இரண்டாக வகுத்துக்கொள்ளுதல் நலம். நாளாந்த இடம் வீட்டினின்றும் பத்து அல்லது பதினைந்து நிமிட நடைக்குள் இருத்தல் வேண்டும். அதனைத் தேடுவதற்குச் சிறந்த வழி, முதல் வாரத்தில் நாயின்றித் தனியே நடந்து பார்ப்பது. வீட்டுக்கு நான்கு திசையிலும் ஒவ்வொரு நாள் நடந்து பாருங்கள். எத்தனை பெருந்தெருக்களைக் கடக்கவேண்டியிருக்கின்றது, பாதசாரிகள் கடவை எங்கே உள்ளது, இளைப்பாற வாங்கு உண்டா, மலசலகூடம் திறந்திருக்கின்றதா என்பவற்றைக் கவனியுங்கள். வயது முதிர்ந்தோர்க்கு வாங்கும் மலசலகூடமும் நாய்க்குப் புல்வெளி எத்துணை அவசியமோ அத்துணை அவசியம்.

பின்னர், காலை எட்டு மணியளவில் அவ்விடத்தில் நின்று, வேறு நாய்களுடன் வருவோரைப் பாருங்கள். அவர்கள் எவ்வழியாகச் செல்கின்றனர், எவ்விடத்தில் வாரை அவிழ்க்கின்றனர், எவ்விடத்தில் மீண்டும் பூட்டுகின்றனர் என்பதிலே அவ்விடத்தின் வழக்கம் முழுவதும் அடங்கியிருக்கும். நுழைவாயிற் பலகையையும் ஒருமுறை பொறுமையாக வாசித்தல் வேண்டும். சிறுவர் விளையாடும் அடைப்பினுள் நாய் செல்லலாகாது. சில பூங்காக்களில் நாயை வாரில் மாத்திரமே கொண்டு செல்லலாம். சில இடங்களில் ஒருவர் இத்தனை நாய்களுக்கு மேல் கொண்டுவரலாகாது என்ற விதியும் உண்டு. இவ்விதிகளை 2014ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி அந்தந்த நகரசபைகளே வகுப்பதால், தெருவின் இப்பக்கத்து விதி அப்பக்கத்தில் மாறியும் இருக்கலாம்.

எங்கும் பொதுவான விதிகள் சில உள. பொதுவிடத்தில் நாயின் கழுத்துப்பட்டியில் உரிமையாளரின் பெயரும் விலாசமும் பொறித்த தகடு இருத்தல் வேண்டும்; இது 1992ஆம் ஆண்டு முதலுள்ள கட்டளை. 2016 ஏப்ரில் முதல் இங்கிலாந்தில் நாயின் தோலின் கீழ் மைக்றோசிப் பொருத்துதலும் கட்டாயம். விலாசம் மாறினால் அப்பதிவையும் மாற்றுதல் வேண்டும். வீடு மாறும் குடும்பங்கள் பல இதனை மறந்துவிடுகின்றன. நாய் கழித்த மலத்தைப் பையிலெடுத்துத் தொட்டியிலிடுதல் உரிமையாளரின் கடமை. தவறினால் அபராதம் உண்டு. பிறர் நாயின் மலத்தைக் கையிலெடுப்பதா என்று முகஞ்சுளிக்கும் நம்மவர்க்கு ஒன்று சொல்வோம்: அம்மலத்தில் இருக்கக்கூடிய புழு முட்டைகள் மண்ணிற் கலந்து, விளையாடும் குழந்தைகளின் கண்பார்வையையே பாதிக்க வல்லவை. பையைக் கையுறை போல் அணிந்து எடுத்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி முடிந்துவிட்டால் கையில் எதுவும் படாது.

மற்றொரு விதி மிக முக்கியமானது. நாய் ஒருவரைக் கடித்தால் மாத்திரமன்று, கடித்துவிடுமோ என்ற நியாயமான அச்சத்தை ஒருவருக்கு உண்டாக்கினாலும், 1991ஆம் ஆண்டின் சட்டப்படி வாரைப் பிடித்திருப்பவர் குற்றவாளியாகலாம். ஆகவே, அழைத்தவுடன் திரும்பிவரும் பழக்கம் நாய்க்கு ஏற்படும்வரை வாரை அவிழ்க்கலாகாது. நீண்ட கயிறொன்றைக் கட்டிப் பழக்கி, திரும்பி வருந்தோறும் ஒரு சிறு துண்டு உணவு கொடுத்தால் நாய் விரைவிற் கற்றுக்கொள்ளும். நாய் தமிழிலும் கற்கும். ஆனால் வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லை வழங்குதல் வேண்டும். மகள் ஆங்கிலத்திலும் தாய் தமிழிலும் அழைத்தால் அது திகைத்து நிற்கும். மடியிற் கொண்டுசெல்லும் உணவைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறிச்சோறு, முந்திரிகைப்பழம், அதன் வற்றல், சொக்கிலேற் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

நாயைக் கண்டு அஞ்சுவோரை இகழ்தலும் தகாது. நம் நாட்டிலே விசர்நாய்க்கடியால் உயிரிழந்தோரின் கதை எல்லா ஊர்களிலும் உண்டு. அந்த அச்சம் அறியாமையன்று, அநுபவம். பிரித்தானியாவிலே நாய்களிடையே இருந்த விசர்நோய் 1922ஆம் ஆண்டுடன் ஒழிக்கப்பட்டது. அதனாலேயே அந்நாட்டவர் முன்பின் அறியாத நாயையும் அஞ்சாது தடவுகின்றனர். புதிதாகச் சென்றவருக்கு அத்துணிவு உடனே வராது, வரவேண்டுமென்ற நிர்ப்பந்தமுமில்லை. எதிரே வருபவர் ஒதுங்கக் கண்டால், வாரைக் குறுக்கிப் பிடித்துப் பாதையின் மறுபக்கம் செல்லுதலே பண்பு. அவர் நம்மவராகவும் இருக்கலாம். சமயக் காரணத்தால் நாயின் எச்சிலைத் தவிர்ப்பவராகவும் இருக்கலாம்.

இங்கிருந்து தம் நாயையே உடன் கொண்டுசெல்ல விரும்புவோரும் உளர். அவர்கள் குறைந்தது ஐந்து மாதங்களுக்கு முன்னரே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும். முதலில் மைக்றோசிப், பின்னரே விசர்நோய்த் தடுப்பூசி. ஊசியேற்றி 30 நாட்களேனும் கழிந்தபின் இரத்தப் பரிசோதனை. அது நற்பயன் காட்டினால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு மாறினால், சென்றிறங்கிய இடத்தில் நாய் தனிமைப்படுத்தி வைக்கப்படும், செலவும் பெரிது. முற்கூட்டியே மிருக வைத்தியரைக் கலந்து, அந்நாட்டு அரசாங்கத்தின் அவ்வேளை விதிகளையும் சரிபார்த்தல் அறிவுடைமை.

இனி, பருவங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய நமக்கு இலண்டனின் பொழுது விநோதமானது. டிசெம்பர் மாதத்தில் காலை எட்டு மணிக்கே சூரியன் தோன்றும்; மாலை நான்கு மணிக்கு முன் மறைந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் நண்பகலே நல்ல வேளை. ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் உண்டு. அக்காலத்தில் மாலையே நலம். உறைபனி நாட்களில் தெருவிற் தூவும் உப்பு நாயின் பாதத்தை எரிக்கும். வீடு திரும்பியதும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுக. கோடையில் காய்ந்த புற்களின் கூரிய விதைகள் விரலிடுக்கிலும் காதிலும் புகும், உண்ணிகளும் ஏறும். ஓக் மரங்களில் கூட்டமாக ஊரும் ஒருவகை மயிர்க்கொட்டி 2006ஆம் ஆண்டு முதல் இலண்டனிற் காணப்படுகின்றது. வைகாசி முதல் ஆடிவரை அது மனிதருக்கும் நாய்க்கும் சொறியும் எரிச்சலும் உண்டாக்கும். அம்மரங்களின் கீழே கூடுகளைக் கண்டால் விலகிச் செல்லுதல் வேண்டும். வெயில் நாட்களில் குளத்து நீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருப்பின் நாயை அதில் இறங்கவோ குடிக்கவோ விடலாகாது. அது உயிருக்கே கேடு.

வான்ஸ்ரெட் பிளாற்ஸில் ஒரு புதுமை உண்டு. வானம்பாடிகள் அங்கே தரையிற் புல்லிடையே கூடு கட்டுகின்றன. நாய்கள் ஓடித் திரிவதால் அவற்றின் தொகை குறைந்து வருவதைக் கண்டு, 2021ஆம் ஆண்டு முதல் கூடுகட்டும் பருவத்தில் சில பகுதிகளைத் தற்காலிக வேலியால் அடைக்கின்றனர். வேலிகளைப் பிடுங்கியெறிந்த மக்களின் வெளியிலே மீண்டும் ஒரு வேலியா என்று கேட்கலாம். அன்று எழுந்த வேலி ஒருவர் தமக்கென வளைத்துக்கொண்டது. இன்று எழுவது, வாய் பேசாத சிற்றுயிர்களுக்காகச் சில மாதங்கள் மாத்திரம் நிற்பது. இதனை மதித்து ஒதுங்கி நடத்தல் நமக்கும் நாய்க்கும் கடமை.

பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தால் நாட்டுப்புறத்திற்கும் செல்லலாம். இங்கிலாந்தில் தனியார் வயல்களினூடாகவும் பொதுமக்கள் நடக்கும் உரிமை பெற்ற ஒற்றையடிப் பாதைகள் உண்டு. 1949ஆம் ஆண்டின் சட்டம் அவற்றையெல்லாம் படத்தில் குறித்துப் பதிவுசெய்ய வழிவகுத்தது. அரசாங்க நிலஅளவைப் படங்களில் அவை பச்சைப் புள்ளிக்கோடுகளாகத் தெரியும். பாதையோரத்துக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். வேலியைக் கடக்குமிடத்தில் நம் ஊர்க் கடப்பைப் போன்ற மரப்படி அமைந்திருக்கும். ஆட்டையோ மாட்டையோ கண்டவுடன் நாயை வாரிற் பூட்டுதல் வேண்டும். ஆட்டை விரட்டும் நாயைக் கமக்காரர் சுடுவதற்கும் சில சந்தர்ப்பங்களிற் சட்டம் இடமளிக்கின்றது. கன்றுள்ள பசுக்கள் நாயைக் கண்டு சீறி வந்தால் மாத்திரம் வாரைக் கைவிட்டுவிடுக. நாய் ஓடித் தப்பிக்கொள்ளும். மனிதர் அவ்வாறு ஓட முடியாது.

இவற்றையெல்லாம் வாசித்து, இத்தனை விதிகளா என்று மலைக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் இவை கைவந்துவிடும். அதன்பின் நிகழ்வது வேறு. அந்நாட்டவர் தெருவில் முன்னறியாதவரிடம் எளிதிற் பேச்சுக் கொடுப்பவரல்லர். ஆனால், நாயுடன் வருபவரிடம் நாயைப் பற்றிக் கேட்பர். முதலில் நாயின் பெயர், பின்னர் அதன் வயது, பல நாட்கள் சென்றபின் உங்கள் பெயர். ஆங்கிலம் சரளமாகப் பேசவேண்டிய அவசியமில்லை. காலை வணக்கமும், மழை வருமா என்ற கேள்வியும் முதல் மாதத்திற்குப் போதுமானவை. ஒரே வேளையில் ஒரே பாதையில் நடப்பவரை இரண்டு நாள் காணாவிடின், சுகந்தானா என்று கேட்பதற்கு ஒருவர் இருப்பார். பிள்ளைகள் வேலைக்குச் சென்ற நீண்ட பகல்களில், தம்மைத் தேடுவதற்கும் ஒருவர் உண்டென்பது முதியோர்க்கு மருந்தினும் மேலானது.

தனியே செல்லும் பெண்களின் பாதுகாப்பும் கவனிக்கத்தக்கதே. ஆளரவமற்ற காட்டுப்பாதைகளைத் தவிர்த்து, பலர் நடமாடும் வேளையில் திறந்த வெளியிற் செல்க. கைத்தொலைபேசியும், வீட்டு விலாசம் எழுதிய சிறு கடதாசியும் பையில் இருக்கட்டும். பிள்ளைகளும் ஒன்று செய்தல் வேண்டும். நாயை உலாத்தும்படி தாயிடம் சொல்லிவிட்டு அலுவலகம் சென்றுவிடுதல் முறையன்று. முதற் சில நாட்கள் உடன் நடந்து, பாதையைக் காட்டி, ஈரத்தில் வழுக்காத சப்பாத்தும் மழைக்கு நல்ல மேலங்கியும் வாங்கிக் கொடுத்தல் அவர்கள் கடன். வலிமை மிக்க பெரிய நாய் திடீரென இழுத்தால் முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிதல் கூடும். அத்தகைய நாயை அவர் கையிற் கொடுக்கவே கூடாது. வாரின் முனையைக் கைமணிக்கட்டிற் சுற்றிக்கொள்ளும் பழக்கமும் ஆபத்தானது.

றிச்மன்ட் பூங்காவைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். அங்கே ஏறக்குறைய 600 மான்கள் தம்மிச்சையாகத் திரிகின்றன. மே முதல் ஜூலை வரை அவை குட்டி ஈன்று காக்கும் காலமாதலால் நாய்களை வாரிலேயே கொண்டுசெல்லல் வேண்டும். இலையுதிர்காலத்தில் கலைமான்கள் ஒன்றோடொன்று மோதும்போதும் அவ்வாறே. எக்காலத்திலும் மான்களுக்கு 50 மீற்றர் தூரத்திற்குள் நெருங்கலாகாது.

அப்பூங்காவை 1637ஆம் ஆண்டு வேட்டைக்காக மதில்கட்டி அடைத்தவர் முதலாம் சாள்ஸ் மன்னர். பின்னாளில் அதன் அதிகாரத்தைப் பெற்ற அமேலியா இளவரசி, தம் நண்பரன்றி மற்றையோர் நுழையலாகாதெனத் தடுத்தார். றிச்மன்ட் ஊரைச் சேர்ந்த ஜோன் லூயிஸ் என்னும் மதுவடிப்பாளர், வாயிலில் தம்மைத் தடுத்ததற்காக வழக்குத் தொடர்ந்து 1758ஆம் ஆண்டு வென்றார். வாயிற்கதவு வேண்டுமா, மதிலில் ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது, கதவைப் பூட்டிவிடலாம் என்றெண்ணி ஏணிப்படியையே கேட்டார் லூயிஸ். படிகளை ஏற முடியாதவாறு அகல அகல வைத்துவிட்டனர். லூயிஸ் மீண்டும் நீதிமன்றம் சென்று, சிறுவரும் கிழவரும் ஏற முடியவில்லையென முறையிட்டார். சிறுவரும் கிழவரும் மாத்திரமன்றி, மூதாட்டிகளும் ஏறத்தக்கதாகப் படிகளை அமையுங்கள் என்று நீதிபதி பொஸ்ரர் கட்டளையிட்டதாக வரலாறு கூறுகின்றது.

இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே மூதாட்டிகளின் கால்களை எண்ணி ஒரு நீதிபதி வழங்கிய தீர்ப்பு அது. அவ்வுரிமை இன்று நம் தாய்மார்க்கும் உரியது. கடல் கடந்து சென்றிருக்கும் அன்னையரே, நாயை வாரிற் பூட்டுங்கள், மழையங்கியை அணியுங்கள், வெளியே செல்லுங்கள். அடுத்த கடிதத்தில் உங்கள் நாயின் பெயரையும், நீங்கள் கண்டறிந்த நல்ல பாதையையும் எழுதியனுப்பினால், அவ்வூருக்குப் புதிதாக வருவோர் பயனடையுமாறு இப்பகுதியில் வெளியிடுவோம்.